தைலவர்ணத்தை விட மனமில்லாத முதிய ஓவியருக்கு எந்த ஊடகம் பொருந்தும்?

கேள்வி: வெள்ளவத்தை மகள்

வணக்கம். என் அப்பாவுக்காக இந்தக் கேள்வியை எழுதுகிறேன். அவருக்கு இப்போது 76 வயது. 1970களின் தொடக்கத்தில் கொழும்பு ஹோர்ட்டன் பிளேஸில் இருந்த அரசினர் நுண்கலைக் கல்லூரியில், அக்கால மாணவர்கள் ‘ஹேவுட்’ என்றே சொல்லும் அந்த இடத்தில், ஓவியம் பயின்றார். பின்னர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றார். இடப்பெயர்வுகளின்போது அவர் வரைந்தவற்றில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. மிஞ்சியவை எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. பாடசாலையில் பிள்ளைகளுக்கு நீர்வர்ணமும் பஸ்டலும் கற்பித்தாலும், தனக்கென்று வரைந்தபோதெல்லாம் தைலவர்ணத்தையே எடுத்தார். முகங்களை வரைவதில்தான் அவருக்கு விருப்பம்: மீன் விற்கும் பெண்கள், கோயில் வீதியில் அமர்ந்திருக்கும் முதியவர்கள், எங்கள் அம்மா.

சில ஆண்டுகளாக அவருக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் இருக்கிறது. புகை, தூசு, கரைப்பான்களின் ஆவி ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று நெஞ்சு நோய் வைத்தியர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். எங்களுடையது சிறிய அடுக்குமாடி வீடு. டேர்பன்டைன் போத்தலைத் திறந்தால் சற்று நேரத்தில் படுக்கையறை வரைக்கும் மணக்கும். பால்கனிக்கு மாறிப் பார்த்தார். கடற்காற்றோடு வந்த தூசு ஈரவர்ணத்தில் ஒட்டியது. அந்த ஏற்பாட்டுக்கு ஒருவாறு பழகிக்கொண்டிருந்த வேளையில், கடந்த ஆண்டு சிறிய அளவிலான பாரிசவாதம் வந்தது. பேச்சுக்கும் நினைவுக்கும் பாதிப்பில்லை, துணையின்றி நடக்கிறார். ஆனால் வலது கையின் பிடி முழுமையாகத் திரும்பவில்லை. கரண்டியைப் பிடிக்க முடிகிறது, பேனாவைப் பிடித்தால் சில வரிகளிலேயே விரல்கள் தளர்ந்துவிடுகின்றன, தோளும் விரைவில் களைத்துப்போகிறது.

தம்பி கனடாவிலிருந்து ஒரு பெட்டி அக்ரிலிக் வர்ணம் அனுப்பினான். அப்பா ஒரு முகத்தைத் தொடங்கிவிட்டு, “கன்னத்து வெளிச்சத்தை நிழலுக்குள் கொண்டுபோக முன்னமே காய்ந்துவிடுகிறது” என்று கூறி மூடிவைத்துவிட்டார். நீர்வர்ணத்தைப் பற்றிக் கேட்டால், பிழையைத் திருத்த இடம் தராத ஊடகத்தைத் தளர்ந்த கையோடு தொடமாட்டேன் என்கிறார். காலையில் எழுந்ததும் பழைய வர்ணக் குழாய்களை எடுத்து வரிசைப்படுத்துகிறார், மூடிகளைத் துடைக்கிறார், திரும்பவும் பெட்டிக்குள் வைக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது.

நெஞ்சுக்கும் கைக்கும் ஒத்துப்போகிற, அதேவேளை அவருடைய மனம் ஏற்றுக்கொள்கிற ஊடகம் ஏதாவது உண்டா? முதுமையில் இவ்வாறு மாற வேண்டியிருந்தவர்களின் அனுபவத்தையும், கொழும்பில் எவை கிடைக்கும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை ஓவியர்

மகள், உங்கள் அப்பா அக்ரிலிக்கைப் பற்றிக் கூறிய அந்த ஒரு வாக்கியத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. அவருக்கு வேண்டியது நெடுநேரம் ஈரமாக இருக்கும் வர்ணம். ஐம்பது ஆண்டுகளாக இரண்டு நிறங்களைத் துணியின் மீதே ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைத்துப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்துக்கு வேலையில்லாத ஊடகத்தைக் கொடுத்தால், 76 வயதில் அவரை முதலாம் தவணை மாணவராக்கி உட்கார வைக்கிறோம். ஆகவே தைலவர்ணத்தை விடச் சொல்வதற்கு முன்னர், அதில் நெஞ்சுக்கு ஆகாதது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கும் ஆஸ்துமா இருக்கிறது, எழுபது வயதும் கடந்துவிட்டது. இன்றும் தைலவர்ணத்தில்தான் வரைகிறேன். ஆனால் என் அறையில் டேர்பன்டைன் கிடையாது.

நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் நீர் ஆவியாகிப் போவதால் காய்கின்றன. தைலவர்ணம் காயும் முறை வேறு. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக இறுகிப் படலமாகிறது. எண்ணெய்க்கே உரிய மணம் கொஞ்சம் இருக்கும் என்றாலும், அறையை நிரப்பும் ஆவி பெரும்பாலும் வர்ணத்தை இளக்கவும் தூரிகையைக் கழுவவும் நாம் ஊற்றுகிற டேர்பன்டைனிலிருந்தும் மினரல் ஸ்பிரிட்டிலிருந்தும் வருகிறது. மணமற்றது என்று விற்கப்படும் ஸ்பிரிட்டையும் நம்ப வேண்டாம். அதுவும் ஆவியாகிறது, மூக்குக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. சாதாரண முகக்கவசம் தூசைத் தடுக்குமே தவிர இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய கனமான கவசமோ நோயுள்ள நெஞ்சுக்கு மூச்சிழுப்பதையே சிரமமாக்கும். கரைப்பானை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே வழி.

கரைப்பான் இல்லாமல் எப்படி வரைவது என்று கேட்பீர்கள். முதல் பூச்சைத் தூரிகையால் இளக்கிப் பூசுவதற்குப் பதிலாக, குழாயிலிருந்து எடுத்த வர்ணத்தைச் சிறிய துணியால் கன்வஸில் தேய்த்து மெல்லிய படலமாக்கலாம். அடுத்த பூச்சுகளுக்குச் சில துளி ஆளிவிதை எண்ணெய் போதும். கீழே எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தூரிகையை முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, சிறிது சமையல் எண்ணெயில் அலசி, பின்னர் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவலாம். நம் வீடுகளில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய்தான். அது காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல. தூரிகையில் மிஞ்சி வர்ணத்தோடு கலந்தால் அந்த இடம் நெடுநாள் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதனால் சவர்க்காரக் கழுவலைக் குறைக்கக் கூடாது. இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலரவிடுங்கள், அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள தகரத்தில் இட்டு அப்புறப்படுத்துங்கள்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. நீரில் கலக்கும் தைலவர்ணம் 1990களிலிருந்து பரவலாக விற்பனையில் இருக்கிறது. அதே எண்ணெய், அதே வர்ணப்பொடி. எண்ணெய் மட்டும் நீரோடு சேரும்படி மாற்றப்பட்டிருக்கிறது. தூரிகையை நீரிலேயே கழுவலாம். ஈரமாக இருக்கும் நேரம் ஏறக்குறைய பழைய தைலவர்ணத்தைப் போன்றதே. உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது இதுதான். வைத்தியரிடம் குழாயையே கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெஹிவளை சித்திர ஆசிரியை

ஐயா கூறிய கரைப்பான் விடயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தைலவர்ணத்தை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும் என்ற தொடக்கப் புள்ளியோடு நான் உடன்படவில்லை. அக்காவின் அப்பாவுக்கு இரண்டு இடர்கள் சேர்ந்து வந்திருக்கின்றன. நெஞ்சுக்கு ஏற்ற விடை கைக்கும் ஏற்றதாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். தைலவர்ணம் கெட்டியானது, அதைத் தட்டில் குழைக்கவும் துணியில் இழுக்கவும் விரல்களுக்கு வலு வேண்டும். குழாயின் மூடியைத் திருகித் திறப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல் லியோன் நகரில் வயிற்றுப் புற்றுநோய்க்காகப் பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அதன் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வேலை செய்தார். உதவியாளர்கள் தாள்களில் குவாஷ் வர்ணத்தைப் பூசிக் கொடுக்க, அவர் அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி வடிவமைத்தார். 1954இல் இறக்கும்வரை அந்த முறையில் செய்தவை அவருடைய மிகப் பெரிய படைப்புகளுள் இடம்பெறுகின்றன. நமக்கு அருகில், சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைபாட்டோடு வாழ்ந்தவர். 1950களின் பிற்பகுதியில் கண் சத்திரசிகிச்சையொன்று பலனளிக்காமல் பார்வையை முற்றாக இழந்த பின்னரும், தாள் வெட்டுகளையும் கோட்டோவியங்களையும், 1970களில் அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனத்துக்காக ஓடுகளாலான சுவரோவியத்தையும் செய்தார். இவர்கள் இருவரும் முன்பு செய்ததைக் குறைந்த அளவில் தொடர்ந்தவர்கள் அல்லர். உடல் விட்டுவைத்த வலுவுக்குத் தகுந்த வேறொரு வேலையைக் கண்டுபிடித்தார்கள்.

குவாஷ் பளபளப்பில்லாத, ஒளி ஊடுருவாத வர்ணம். நீரால் இளக்கலாம், காய்ந்த பின்னும் ஈரத் தூரிகையால் தொட்டால் மீண்டும் இளகும். ஆகவே திருத்த முடியாது என்ற அவருடைய முறைப்பாட்டுக்கு அதில் ஓரளவு விடை உண்டு. எண்ணெய் கலந்த வர்ணக் குச்சியான எண்ணெய்ப் பஸ்டலையும் நினைத்துப் பாருங்கள். மென்பஸ்டலின் தூசு அவருக்கு முற்றிலும் ஆகாது, அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். எண்ணெய்ப் பஸ்டலில் தூசும் இல்லை, கரைப்பானும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளின் பொருள் என்று அவர் நினைத்தால், 1949இல் பாரிஸின் சென்னெலியே நிறுவனம் பிக்காசோவின் தேவைக்காகவே ஓவியர் தரத்து எண்ணெய்ப் பஸ்டலை உருவாக்கியது என்பதைச் சொல்லுங்கள். தடித்த குச்சியை முழு உள்ளங்கையாலும் பிடிக்கலாம். விரலால் தேய்த்துக் கன்னத்து வெளிச்சத்தை நிழலுக்குள் கொண்டுபோகலாம். அது ஒருபோதும் முழுமையாக இறுகாது என்பதால், முடித்த படத்தைத் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இடைவெளி விட்டுச் சட்டமிட வேண்டும்.

அக்ரிலிக்கையும் நான் முற்றாகத் தள்ளமாட்டேன். உலர்வதைத் தாமதப்படுத்தும் கலவை கிடைக்கிறது, ஈரப் பஞ்சின் மேல் தாள் விரித்த தட்டில் வர்ணம் நாள் முழுவதும் இளகியே இருக்கும். எனினும் முகம் வரைபவருக்கு அதில் இன்னொரு தொல்லை உண்டு: வர்ணப்பொடியைப் பிடித்துவைக்கும், ஈரத்தில் பால்போல் இருக்கும் பிணைப்பான் காய்ந்ததும் தெளிவதால் நிறம் சற்றுக் கருமையடைகிறது. தோலின் நிறத்தைக் கண்ணால் அளந்து பழகியவருக்கு அது எரிச்சலூட்டும். சிலருக்கு அதிலிருந்து வரும் சிறிதளவு அமோனியாவும் நெஞ்சில் உறுத்தும்.

தொழில்வழிச் சிகிச்சையாளர்

பாரிசவாதத்துக்குப் பின்னர் கைப்பயிற்சி பெறுவோருடன் வேலை செய்பவன் நான். வர்ணங்களைப் பற்றி மேலே உள்ளவர்கள் அறிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் கேள்வியில் ஊடகத்துக்கு முன்னர் தீர்க்க வேண்டிய சில விடயங்கள் இருக்கின்றன.

மெல்லிய தூரிகைக் காம்பைப் பிடிப்பதற்கு விரல்நுனிகளின் வலு வேண்டும். தடித்த காம்பைப் பிடிக்க அந்த அளவு வேண்டியதில்லை. குளிரூட்டிக் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நிறப் பஞ்சுக் குழாய் ஹார்ட்வெயார் கடைகளில் அடிக்கணக்கில் கிடைக்கும். அதில் ஒரு சாண் வெட்டித் தூரிகைக் காம்பில் செருகிவிட்டால் அவருடைய கை கரண்டியைப் பிடிப்பதுபோல் அதையும் பிடிக்கும். ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய கைதாங்கிக் கோலை அவர் கல்லூரியில் பார்த்திருப்பார். ஒரு முனையில் துணிப்பந்து கட்டிய நீண்ட கோல் அது. இடது கையால் அதைப் பிடித்து வலது மணிக்கட்டை அதன்மீது சாய்த்துக்கொள்ளலாம். இன்று அவருக்கு அது மிகவும் உதவும்.

நின்றுகொண்டு, கையை உயர்த்தி, நிமிர்ந்த தாங்கியில் வரைவதைத் தற்போதைக்கு விட்டுவிடுங்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு தோள்மூட்டு எளிதில் நோவெடுக்கும். பாதங்கள் நிலத்தில் படிய, கைப்பிடியுள்ள கதிரையில் அமர்ந்து, மேசைமேல் சற்றே சாய்த்து வைத்த பலகையில் வரையட்டும். முழங்கை மேசையில் தங்க வேண்டும். முழங்கைக்குத் தாங்கல் கிடைத்தால் விரல்களுக்குக் கட்டுப்பாடு கூடும். ஒரு முறைக்கு இருபது நிமிடம் போதும், களைப்புத் தெரிய முன்னரே நிறுத்த வேண்டும். களைத்த பின்னும் தொடர்ந்தால் விரல்கள் இறுகி, அடுத்த நாள் வேலையும் கெடும். சுவாச நோயும் இருப்பதால், இன்ஹேலர் எடுத்து நெஞ்சு இலகுவாக இருக்கும் வேளையைத் தெரிவு செய்வது நல்லது. மின்விசிறி அவருக்குப் பின்னாலும் யன்னல் படத்துக்கு அப்பாலும் இருந்தால், எந்த மணமும் முகத்தை நோக்கி வராமல் வெளியே போகும்.

இடது கையை இப்போதே பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். பெரிய பரப்புகளைப் பூசவும் பலகையைப் பிடிக்கவும் இடது கை வரட்டும். வலது கையை ஒதுக்கிவிட வேண்டாம். பயன்படுத்தாத கை மேலும் பலவீனமடையும். ஆர்வத்தோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை சிறந்த கைப்பயிற்சியும் ஆகும்.

முன்னுதாரணம் கேட்டிருந்தீர்கள். ஜெர்மானிய ஓவியர் லோவிஸ் கொரின்த் 1911 டிசம்பரில் பாரிசவாதத்தால் தாக்கப்பட்டார். இடப்பக்கம் பாதிக்கப்பட்டது, வரையும் வலது கையிலும் நடுக்கம் இருந்தது. மனைவியின் துணையோடு மீண்டும் வரையத் தொடங்கி 1925இல் இறக்கும்வரை தைலவர்ணத்திலேயே வேலை செய்தார். அவருடைய கோடுகள் தளர்ந்து, பூச்சுகள் அகன்று போயின. வால்ஹன்ஸே ஏரியை அவர் வரைந்த அந்தப் பிற்காலப் படங்கள் இன்று அவருடைய உச்சமாக மதிக்கப்படுகின்றன. பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப் போனபோது, தூரிகையை வேறொருவர் அவருடைய கையில் வைத்துவிட வேண்டியிருந்தது. பெரிய கன்வஸை உருளைகளில் சுற்றி, வரைய வேண்டிய பகுதி கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்படி செய்துகொண்டார். இவ்விருவரும் ஊடகத்தை மாற்றவில்லை. கதிரையையும் தாங்கியையும் பிடியையும் மாற்றினார்கள். ஆகவே மேலே நடக்கும் விவாதத்தில் நான் சற்று ஐயாவின் பக்கம் சாய்கிறேன்.

வெள்ளவத்தை மகள்

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. எல்லாப் பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொரின்த்தைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். கைதாங்கிக் கோல் என்றதும், அதைத் தன் ஆசிரியர் ஒருவர் பயன்படுத்தியதை விவரித்து, உடனேயே பழைய கோலொன்றில் துணியைச் சுற்றித் தரும்படி கேட்டார். எண்ணெய்ப் பஸ்டலைச் சிறிய முன்வரைவுகளுக்கு எடுக்கச் சம்மதித்திருக்கிறார். முகத்தை முடிப்பதற்குத் தைலவர்ணம்தான் வேண்டும் என்கிறார். நீரில் கலக்கும் வகையைப் பார்க்க ஆவலாக இருக்கிறார். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் கேட்போம்.

அவர் தன் சார்பில் என்னிடம் எழுதச் சொன்ன கேள்விகள் இவை. அந்தப் புதிய வகை கொழும்பின் ஈரக் காற்றில் எவ்வளவு காலம் நிற்கும்? கன்வஸா, பலகையா நல்லது? அவரிடமுள்ள பழைய குழாய்களில் ஈய வெள்ளையும் கட்மியம் சிவப்பும் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா? 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதி வர்ணங்களின் விலை எங்களைத் தயங்க வைக்கிறது. எவற்றை மட்டும் வாங்கினால் போதும்?

ஓவியப் பாதுகாப்புப் பணியாளர்

பழைய குழாய்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது உடல்நலத்தோடு தொடர்புடையது. ஈய வெள்ளை நஞ்சானது. கட்மியமும் கவனமாகக் கையாள வேண்டியது. எண்ணெயோடு குழைந்திருக்கும்போது இவை தோல் வழியாக உடலுக்குள் போவது மிகக் குறைவு. தூசாகி மூச்சில் போவதும், விரலிலிருந்து உணவோடு வாய்க்குள் போவதும்தான் அபாயம். ஆகவே காய்ந்த பழைய படங்களை உரைதாளால் தேய்க்கக் கூடாது, வரையும் மேசையில் தேநீர் வைக்கக் கூடாது, தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். கை முழுமையாக வசப்படாத இக்காலத்தில் வர்ணம் விரல்களிலும் உடையிலும் அதிகம் படும். எனவே ஈய வெள்ளையை ஒதுக்கிவிட்டு டைட்டேனியம் வெள்ளையை எடுப்பதே சரி. சிங்க் வெள்ளை வேண்டாம். எண்ணெயில் அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெற்று, மேலுள்ள பூச்சையும் உரியச் செய்கிறது.

நீரில் கலக்கும் தைலவர்ணத்துக்கு நூற்றாண்டுச் சான்று கிடையாது, அது வந்தே சில தசாப்தங்கள்தான். ஆனால் அதன் அடிப்படை காய்ந்து இறுகும் எண்ணெயே. பெரும்பாலான கேடு அதிக நீர் ஊற்றுவதால் வருகிறது. நீர் கூடினால் பிணைப்பு வலுவிழந்து பூச்சு பொடிபோல் உதிரும். தூரிகை கழுவ மட்டும் நீரை வைத்துக்கொண்டு, வர்ணத்தை இளக்க அதற்கென்று விற்கப்படும் எண்ணெயைச் சில துளி சேர்க்கட்டும். பழைய சாதாரணக் குழாய்களிலிருந்து சிறிதளவு கலந்தாலும் கெடுதியில்லை. அளவு கூடினால் நீரில் கழுவ முடியாமல் போகும்.

கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதியில் காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. துணி அந்த ஈரத்தோடு தளர்ந்தும் இறுகியும் அசைந்துகொண்டே இருப்பதால் அதன்மேல் உள்ள வர்ணம் காலப்போக்கில் வெடிக்கிறது. இரு பக்கமும் விளிம்பும் நன்றாக மூடிப் பூசிய ஒட்டுப்பலகை இங்கே துணியைவிட நம்பகமானது. மணிக்கட்டைச் சாய்த்தாலும் பலகை உள்வாங்காது என்பதால் அப்பாவின் கைக்கும் அது நல்லது. ஈரம் கசியும் வெளிச்சுவரில் படத்தை மாட்ட வேண்டாம். உள்சுவரில் மாட்டி, சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறிய தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றுக்கு இடம் விட்டால் பூஞ்சணம் பிடிப்பது வெகுவாகக் குறையும். புதிய படங்களைத் துணியால் மூடி அலுமாரிக்குள் வைப்பது இங்கே மிகப் பரவலான கேடு. இருட்டிலும் அடைபட்ட ஈரத்திலும் பூஞ்சணம் வளர்கிறது, எண்ணெயும் மஞ்சளாகிறது. தம்பி அனுப்பிய அக்ரிலிக்கில் எதையாவது வரைந்தால், அவற்றை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காதீர்கள். நம் வெப்பத்தில் அக்ரிலிக் படலம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சட்டமிடுவதற்கு முன்னர் பழைய தைலவர்ணப் படங்கள் நம் காலநிலையில் எப்படி முதிர்கின்றன என்பதை ஒருமுறை நேரில் பார்ப்பது பயனுள்ளது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் உள்ள சபுமல் நிறுவனத்தில், 1943இல் தோன்றிய, இலங்கை நவீன ஓவியர்களான ’43 குழுவினரின் படைப்புகள் இருக்கின்றன. அப்பாவுக்கு அந்தப் பயணம் மருந்தைவிட நல்லது செய்யும் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஓவியர்

விலையைப் பற்றி நான் சொல்கிறேன், மகள். பன்னிரண்டு குழாய்ப் பெட்டியை வாங்க வேண்டாம்; அதில் பாதி, முகம் வரைபவருக்குத் தேவைப்படாதது. டைட்டேனியம் வெள்ளை பெரிய குழாயாக ஒன்று, மஞ்சள் காவி, எரித்த சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், ஒரு சிவப்பு ஆகியவை போதும். சுவீடன் ஓவியர் அன்டர்ஸ் சோர்ன் வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கை மட்டும் முக்கியமாக வைத்துக்கொண்டு எத்தனையோ முகங்களை வரைந்திருக்கிறார். நம்மவர்களின் தோல் நிறத்துக்குக் காவியும் சியன்னாவும்தான் உயிர். அவை மண் நிறங்கள். விலையும் குறைவு, ஒளியில் மங்குவதும் இல்லை. சிவப்பை வாங்கும்போது மட்டும் குழாயின் பின்புறத்தில் உள்ள வர்ணக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின், மெல்லிய பூச்சில் வெளிறிவிடும். பி.வி. 19 என்றிருந்தால் குயினாக்ரிடோன், அது நிற்கும்.

கொழும்பில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் சாதாரணத் தைலவர்ணமும் அக்ரிலிக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. நீரில் கலக்கும் வகை எப்போதும் இருக்காது. முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் தம்பியிடம் மேற்சொன்ன ஐந்து நிறங்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். அது வந்து சேரும்வரை அப்பா காத்திருக்கத் தேவையில்லை. அவரிடமிருக்கும் பழைய குழாய்களில் ஈயமும் கட்மியமும் இல்லாதவற்றை எடுத்து, துளி ஆளிவிதை எண்ணெயோடு, டேர்பன்டைன் இல்லாமல், ஒரு சாண் பலகையில் தொடங்கலாம். பழைய குழாய்களின் மூடி இறுகியிருந்தால் சுடுநீரில் சற்று நேரம் பிடித்துத் திறந்து கொடுங்கள். அன்றாடம் தேவைப்படும் அளவை நீங்களே காலையில் தட்டில் பிதுக்கி வைத்துவிட்டால், அவருடைய விரல்களின் வலு முழுவதும் தூரிகைக்கு மிஞ்சும்.